கட்டி இருந்தால் பயம் வேண்டாம். ஆபத்து தெரிந்தால் தாமதம் வேண்டாம்

(மைசூர் அக்ரஹாரத்தில், மாலை வாசிப்பு வட்டத்துப் பெண்களிடம் ஒரு தொண்டர் பேசியது)



பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வந்தவர்களுக்கு நன்றி.

இன்று புதிய பாடம் இல்லை. நம் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆண்கள் யாரும் இங்கே இல்லை. கதவைச் சாத்தியாயிற்று. அதனால் வெட்கம் வேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஒரு லேடி டாக்டரிடமும் ஒரு நர்சம்மாவிடமும் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் பேசப்போவது கர்ப்பப்பைக் கட்டி. டாக்டர்கள் இதை ஃபைப்ராய்டு என்பார்கள். தமிழில் நார்க்கட்டி என்று சொல்லலாம். நம் ஊர் ஆஸ்பத்திரியில் கன்னடத்தில் ‘கர்ப்பகோஷத கெட்டே’ என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

என் சின்னம்மாவின் கதை

என் சின்னம்மாவை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். “சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்” என்றார்.

சின்னம்மாவுக்கு அப்போது 42 வயது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் நிற்காது. கட்டி கட்டியாகப் போகும். நடந்தால் மூச்சு வாங்கும். “வயசு ஆகுது, நிற்கிற காலம், அப்படித்தான் இருக்கும்” என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

ஒருநாள் டாக்டரிடம் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்.

“இது புற்றுநோய் இல்லை. ஆனால் இந்தக் கட்டிக்குக் காம்பு இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள். நடுவில் திடீரென்று வலி வந்தால் உடனே வாருங்கள்.”

சின்னம்மா காதில் முதல் விஷயம் மட்டும்தான் விழுந்தது. புற்றுநோய் இல்லை. அது போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்கேன் காகிதத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் காட்டவும் இல்லை.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. தசரா வந்தது.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள். நமக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. வருஷத்திலேயே பூ அதிகம் விற்கும் நாள். சின்னம்மா காலையிலிருந்து உட்கார்ந்து செவ்வந்தி கட்டினார். இரவு ஒன்பது மணிக்கு எழுந்திருக்கப் போனார். “ஐயோ” என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் என்ன செய்தோம்? சோடா கொடுத்தோம். ஓமத்தண்ணீர் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, “குடல் ஏறிக்கிச்சு” என்று விளக்கெண்ணெய் தடவி உருவிவிட்டார். வலி குறையவில்லை. வாந்தி வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றோம். பிறகு இன்னும் ஒரு மணி நேரம். நாளைக்கு வியாபாரம் இருக்கிறதே என்று சின்னம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

இரவு ஒரு மணிக்கு உடம்பு ஜில்லிட்டுவிட்டது. அப்போதுதான் ஆட்டோ பிடித்தோம். நான்கு மணி நேரத்தை வீட்டிலேயே போக்கிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “முன்பு ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா?” சின்னம்மா வலியிலும், “பீரோவில், புடவைக்குக் கீழே” என்றார். தம்பி ஓடிப்போய் எடுத்து வந்தான். காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர், “காம்புள்ள கட்டி. அது முறுகியிருக்கலாம்” என்றார். புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது.

இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6 தான் இருந்தது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷன் நடந்தது. காம்பை வெட்டிக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கர்ப்பப்பை பிழைத்தது. சின்னம்மாவும் பிழைத்தார்.

அந்தக் காகிதத்தில் முன்பே எல்லாம் எழுதியிருந்தது. ஆறு மாதமாக அது புடவைக்கு அடியில் கிடந்தது. இதுதான் எனக்கு இன்றுவரை மனதை உறுத்துகிறது.

நார்க்கட்டி என்றால் என்ன?

உங்கள் கையை மூடிப் பாருங்கள். நம் கர்ப்பப்பை ஏறக்குறைய அந்த அளவுதான். கெட்டியான சதையால் ஆன ஒரு பை. அந்தச் சதையில் சில இடத்தில் முண்டு முண்டாக வளரும். அதுதான் நார்க்கட்டி. கடுகு அளவு இருக்கலாம். எலுமிச்சை அளவு இருக்கலாம். தேங்காய் அளவுக்கும் வளரலாம். ஒன்று இருக்கலாம், பத்தும் இருக்கலாம்.

இது யாருக்கு வரும்? மிகப் பலருக்கு வரும். 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு சிறிதாவது இருக்கும் என்று மருத்துவம் சொல்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. தொல்லை தராது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இது சாபம் இல்லை. செய்வினை இல்லை. நடத்தைக் கோளாறு இல்லை. நார்க்கட்டி என்று நினைத்தது புற்றுநோயாக இருப்பது மிக மிக அபூர்வம். யாராவது “உனக்குக் கட்டி” என்று சொன்னால், முதலில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சுவருக்கு உள்ளேயே இருந்தால், பை பெரிதாகும். வயிறு கனக்கும்.

பைக்கு உட்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால், கட்டி சிறிதாக இருந்தாலும் இரத்தம் அதிகம் போகும்.

வெளிப்பக்கம் வளர்ந்தால், மூத்திரப்பையையோ குடலையோ அழுத்தும். சிலருக்கு அது காம்போடு தொங்கும். பூசணிக்காய் கொடியில் தொங்குவது போல.

எப்போது ஆபத்து?

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நான் சொல்லப்போவது எல்லோருக்கும் வராது. கட்டி இருப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் வரும். ஆனால் வந்தால் காத்திருக்கக் கூடாது. அதனால்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் விட்டு எண்ணுங்கள்.

ஒன்று: திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி.

சின்னம்மாவுக்கு வந்தது இது. காம்பு முறுகிக்கொள்கிறது. தண்ணீர்க் குழாய் முறுகினால் தண்ணீர் நின்றுவிடும் அல்லவா? அதுபோலக் கட்டிக்குப் போகிற இரத்தம் நின்றுவிடும். கட்டி உள்ளேயே அழுகத் தொடங்கும். வலியோடு வாந்தி வரும். காய்ச்சலும் வரலாம். இதற்கு ஆபரேஷன்தான் வழி.

இதே மாதிரி வலி வேறு காரணத்தாலும் வரும். குடல்வால் வீங்கினால் வரும். சினைப்பையில் உள்ள கட்டி முறுகினால் வரும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்குக் கரு, குழாயில் தங்கி வெடித்தால் வரும். எல்லாமே அவசரம்தான். எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

இரண்டு: நிற்காத இரத்தப்போக்கு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைகிறது. இப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிறது. பெரிய பெரிய கட்டியாக விழுகிறது. தலை சுற்றுகிறது. கண் இருட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது. இப்படி இருந்தால் அது சாதாரண மாதவிலக்கு இல்லை. உடனே போக வேண்டும்.

நம்மில் பலருக்கு ஏற்கனவே இரத்தம் குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-ஆவது இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. பானையில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஓட்டையும் விழுந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடப்பது.

மூன்று: வெளியே தெரியாத இரத்தப்போக்கு.

இது மிகவும் அபூர்வம். கட்டியின் மேலே ஓடும் இரத்தக்குழாய் வெடித்து, இரத்தம் வயிற்றுக்குள் கொட்டும். துணியில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஆனால் வயிறு உப்பும், வலிக்கும். முகம் வெளுக்கும். குளிர்ந்த வியர்வை கொட்டும். மயக்கம் வரும். ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது.

நான்கு: மூத்திரம் அடைத்துக்கொள்வது.

போக வேண்டும் என்று முட்டும். உட்கார்ந்தால் வராது. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிடும். கட்டி மூத்திரப் பாதையை அழுத்துவதால் இப்படி ஆகும். ஆஸ்பத்திரியில் மெல்லிய டியூப் வைத்து எடுத்துவிடுவார்கள். உடனே சுகம் தெரியும். அதோடு விட்டுவிடக் கூடாது. காரணத்தைப் பார்க்க வேண்டும். கட்டி நாள்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் சிறுநீரகம் கெடும்.

ஐந்து: கீழே ஏதோ இறங்குவது.

உள்ளே காம்போடு இருக்கும் கட்டி சில சமயம் கர்ப்பப்பை வாய் வழியாக வெளியே வரும். இரத்தம் போகும். நாற்றமடிக்கும் நீர் வரும். பிரசவ வலி போல வலிக்கும். அதைக் கையால் இழுக்கவே கூடாது. நூல் கட்டக் கூடாது. இழுத்தால் கர்ப்பப்பையே உள்புறம் வெளியாகப் புரண்டுவிடலாம். அது உயிருக்கே ஆபத்து.

ஆறு: கட்டியோடு கடும் காய்ச்சல்.

பிரசவம் ஆன பிறகோ, கரு கலைந்த பிறகோ, கட்டியில் சீழ் பிடிக்கலாம். இதுவும் அபூர்வம். குளிர் காய்ச்சல், வயிற்று வலி, நாற்றம். ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

ஏழு: ஒரு கால் மட்டும் வீங்குவது.

மிகப் பெரிய கட்டி, காலிலிருந்து வரும் இரத்தக்குழாயை அழுத்தும். காலில் இரத்தம் உறையும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கும். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். கால் வீங்கும்போதே போய்விட வேண்டும். அந்தக் காலை அமுக்கிவிடவோ எண்ணெய் தேய்க்கவோ வேண்டாம்.

ஏழும் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் உண்டு. அது கர்ப்பிணிகளுக்கு.

கர்ப்பமாக இருக்கும்போது

கட்டி இருக்கும் பெண்கள் பலர் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள். ஆனால் கர்ப்பத்தில் சில கட்டிகள் வேகமாக வளரும். அதற்குத் தேவையான இரத்தம் கிடைக்காது. நடுப்பகுதி சிவந்து செத்துப்போகும். அப்போது கட்டி இருக்கும் இடத்தில் கடும் வலி வரும். லேசான காய்ச்சல் வரும். வாந்தியும் வரலாம்.

இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுப்பார்கள். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் வலி கட்டியாலா, குழந்தைக்கு ஆபத்தாலா என்று டாக்டர்தான் சொல்ல முடியும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில வலி மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆகாது.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

வயிற்றை உருவாதீர்கள். அமுக்காதீர்கள்.

இரத்தம் போனால் படுக்க வையுங்கள். எத்தனை நாப்கின், எத்தனை துணி நனைந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பார்.

108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்சுக்குப் பணம் கிடையாது. தெரு பெயர், பக்கத்தில் உள்ள கோவில் அல்லது கடை பெயர் சொல்லுங்கள்.

பழைய ஸ்கேன் காகிதம், மருந்துச் சீட்டு, ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கே போவது? அக்ரஹாரத்தில் இருக்கும் நமக்கு அரசு ஆஸ்பத்திரி தூரம் இல்லை. இர்வின் ரோட்டுப் பக்கம் செலுவாம்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆனது. 1924-ல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அருகில் கே.ஆர். ஆஸ்பத்திரியும் இருக்கிறது. உங்களில் பலருடைய பிள்ளைகள் செலுவாம்பாவில்தானே பிறந்தார்கள்? வழி கேட்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

போன வாரம் சிலர் என்னிடம் தனியாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாகப் பதில் சொல்கிறேன்.

“கட்டி இருந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?”

வேண்டியதில்லை. தொல்லை இல்லாத கட்டியைச் சும்மா விட்டுவிடலாம். டாக்டர் சொல்லும் நாளில் போய்ப் பார்த்துக்கொண்டால் போதும். இரத்தம் அதிகம் போனால் குறைக்க மாத்திரை இருக்கிறது. இரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் மருந்துள்ள சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது. கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைத்து, கட்டியைச் சுருங்க வைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய பதவியில் இருந்த காண்டலீசா ரைஸ் 2004 நவம்பரில் இந்தச் சிகிச்சைதான் செய்துகொண்டார். மறுநாளே வீடு திரும்பினார்.

இலண்டனில் விக்டர் பானி என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் மனைவிக்குக் கட்டி வந்து கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லாமல் போயிற்று. அந்த வேதனைக்குப் பிறகு அவர் கர்ப்பப்பையைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனை வளர்த்தார். எத்தனையோ பெண்கள் அதனால் பிள்ளை பெற்றார்கள். இது நூறு வருஷத்துக்கு முந்திய காலத்துக் கதை. இன்று வசதி இன்னும் அதிகம்.

“அப்படியானால் கர்ப்பப்பையை எடுக்கவே கூடாதா?”

அப்படியும் இல்லை. சிலருக்கு அதுதான் சரியான வழி. உயிரைக் காப்பாற்ற உடனே எடுக்க வேண்டியும் வரலாம். ஆனால் அவசரம் இல்லாத நேரத்தில் யாராவது, “எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்” என்று பயம் காட்டினால், உடனே கைநாட்டு வைக்காதீர்கள். இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

நம் கர்நாடகத்திலேயே கலபுரகிப் பக்கம், லம்பாணிப் பெண்களும் தலித் பெண்களும் பலர் இப்படித் தேவையில்லாமல் கர்ப்பப்பையை இழந்தார்கள். 2015-ல் அவர்கள் தெருவுக்கு வந்து நியாயம் கேட்டார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலும் இப்படி நடந்தது. டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தடுக்க மத்திய அரசு வகுத்த விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அதனால் டாக்டரிடம் கேட்பது நம் உரிமை. என்ன நோய்? வேறு வழி உண்டா? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எடுத்தால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள். காகிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

“நாட்டு மருந்து கட்டியைக் கரைக்குமா?”

பெரிய கட்டியைக் கரைக்கும் என்று நிரூபித்த கஷாயம் எதுவும் இல்லை. கீரை, முருங்கை, கேழ்வரகு, பேரீச்சை சாப்பிடுங்கள். உடம்புக்கு நல்லது. ஆனால் அதை நம்பி ஆபத்து நேரத்தில் வீட்டில் இருக்காதீர்கள்.

“மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆயிற்று. மறுபடி இரத்தம் பட்டது. கட்டியாக இருக்குமா?”

கட்டி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

“ஆண் டாக்டர் இருந்தால் வெட்கமாக இருக்குமே?”

உண்மைதான். கூட ஒரு பெண்ணை அழைத்துப் போங்கள். பரிசோதனையின்போது நர்ஸ் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வெட்கத்துக்காக உயிரை விடக் கூடாது.

“பணம்?”

அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடக அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் ஆஷா அக்காவிடம் கேளுங்கள். நாளையே கேளுங்கள். வலி வந்த பிறகு அட்டைக்கு அலையாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை

சின்னம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னிடம் ஒன்று சொன்னார். “அந்தக் காகிதம் என்கிட்டேயே இருந்திச்சு. எனக்குத்தான் அது பேசலை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடு” என்றார். அதனால்தான் அவர் இந்த வகுப்புக்கு வந்தார். இப்போது தமிழ் படிக்கிறார். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கூட்டிப் பார்க்கிறார். ஸ்கேன் காகிதம் கொடுத்தால், “இதில் என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க” என்று டாக்டரையே கேட்கிறார். டாக்டர் சொல்வதைத் தமிழில் பின்பக்கம் எழுதிக்கொள்கிறார்.

இப்போது நோட்டை எடுங்கள். எல்லோரும் எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் வரியில் உங்கள் பெயரும் வயதும்.

இரண்டாவது வரியில் உங்கள் இரத்த வகை. தெரியாதவர்கள் இடம் விடுங்கள். சோதித்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவது வரியில் கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் எண், பார்த்த தேதி.

நான்காவது வரியில் கட்டி உண்டா, இல்லையா? உண்டு என்றால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிது, காம்பு உண்டா? தெரியாவிட்டால் அடுத்த முறை டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

ஐந்தாவது வரியில் 108. அதற்குப் பக்கத்தில், இரவில் கூப்பிட்டால் வரும் ஒருவருடைய போன் நம்பர்.

வீட்டுக் காலண்டரில் மாதவிலக்கு வந்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். நின்ற நாளில் இன்னொரு வட்டம். ஏழு நாளுக்கு மேல் போனால், அந்த மாதமே டாக்டரிடம் போங்கள்.

இந்தப் பக்கத்தைப் புடவைக்கு அடியில் வைக்காதீர்கள். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள பெரிய பிள்ளையிடம் காட்டுங்கள். கணவரிடமும் காட்டுங்கள்.

எழுதி முடித்தவர்கள் நோட்டைக் காட்டுங்கள். சின்னம்மா முதலில் முடித்துவிட்டார். நீங்களே படியுங்கள், சின்னம்மா. சத்தமாகப் படியுங்கள். எல்லோரும் கேட்கட்டும்.

வணக்கம்.

சேர்ந்து படிப்போம்

நார்க்கட்டி பலருக்கு வரும்.
பெரும்பாலும் தொல்லை தராது.
திடீர் வலி வந்தால் காத்திருக்க மாட்டோம்.
மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் வீட்டில் இருக்க மாட்டோம்.
மூத்திரம் அடைத்தால், மயக்கம் வந்தால் உடனே போவோம்.
வயிற்றை உருவ மாட்டோம்.
ஸ்கேன் காகிதத்தைப் பத்திரமாக, கைக்கு எட்டும் இடத்தில் வைப்போம்.
கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.